குல்மார்கில் பனி விழுமா?

பணம் கட்டி, டிக்கெட் எடுத்து, கம்பளிச் சட்டை வாங்கியாகிவிட்டது. மிச்சமிருப்பது வானிலை அறிக்கை. அதைப் படிக்கத் தெரியாதவருக்கு ஏமாற்றம் மட்டுமல்ல, ஆபத்தும் காத்திருக்கிறது.

பொம்மனஹள்ளியில் பனி என்றால் டிசம்பர் காலையில் ஓசூர் சாலை மேம்பாலத்தின் மேல் தொங்கும் மூட்டம்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் காதை மறைத்து ஸ்கார்ப் கட்டிக்கொள்வதோடு குளிர்காலத்தின் வேலை முடிந்துவிடுகிறது. தமிழிலும் அப்படித்தான். மார்கழியில் புல்லில் படிவதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, காஷ்மீரில் ஆள் உயரத்துக்குக் கொட்டுவதும் பனிதான். ஒரே சொல்லை வைத்து மூன்றையும் சமாளிக்கும் நமக்கு, மூன்றாவது பனியைப் பற்றிய வானிலை அறிக்கை புரியாமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் புரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. தென்னிந்திய நகரங்களிலிருந்து குளிர்கால விடுமுறைக்குக் காஷ்மீர் செல்வது இப்போது அபூர்வமல்ல. பனிச்சறுக்கும் அந்நியமல்ல. 2024-இல் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ராணுவ அணிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது பனியே விழாத கர்நாடகம். அந்தப் போட்டிகளில் தங்கம் வென்ற பவானி தெக்கடா நஞ்சுண்டா காபித் தோட்டங்கள் நிறைந்த குடகைச் சேர்ந்தவர்.

பிரச்சினை என்னவென்றால், பனி இப்போது சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மார்கின் புகழ்பெற்ற சரிவுகள் காய்ந்த புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. பனியைப் பார்க்க வந்தவர்கள் பழுப்பு நிற மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அறைகள் ரத்தாயின. சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுபவர்களும், ஸ்லெட்ஜ் இழுப்பவர்களும், குதிரைக்காரர்களும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரிக் கடைசியில்தான் வானம் இளகியது. 2025-இலும் இதே கதை. பிப்ரவரி 22 முதல் 25 வரை குல்மார்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகள் போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. நாடு முழுவதுமிருந்து அணிகளை வரவழைக்கும் அமைப்பாளர்களே தேதியை மாற்ற வேண்டியிருந்தது என்றால், நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் குடும்பத்தின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மத்தியதரைக் கடலிலிருந்து ஒரு பார்சல்

நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, காஷ்மீருக்கு 'மேற்கத்திய இடையூறு' அப்படி. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் இந்தக் காற்றுச் சுழல்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்கின்றன. வழியில் காஸ்பியன் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் ஈரப்பதத்தைச் சேர்த்துக்கொண்டு இமயமலையில் மோதுகின்றன. மேலே தள்ளப்படும் ஈரக்காற்று குளிர்ந்து, பள்ளத்தாக்கில் மழையாகவும் மலையில் பனியாகவும் கொட்டுகிறது. குளிர்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து இடையூறுகள் கடந்துபோவது வழக்கம். எல்லாவற்றிலும் சரக்கு இருக்காது. சில வெறும் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும்.

ஆகவே குல்மார்கில் பனி 'தினமும் கொஞ்சம்' என்று விழுவதில்லை. ஓர் இடையூறு வந்து இரண்டு மூன்று நாள் கொட்டும். பிறகு ஒரு வாரம் வெயில் அடிக்கும். 'ஜனவரி என்றால் பனி நிச்சயம்' என்று சொல்கிற பயண ஏஜென்ட் சராசரியைச் சொல்கிறார். நீங்கள் போகும் அந்த நான்கு நாள் இரண்டு இடையூறுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளலாம்.

காஷ்மீரிகளுக்கு இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. டிசம்பர் 21-இல், நமக்கு மார்கழி பிறந்து சில நாட்களில், தொடங்கும் 40 நாட்கள் 'சில்லை கலான்', அதாவது பெருங்குளிர். அதற்கடுத்த 20 நாட்கள் 'சில்லை குர்த்', சிறுகுளிர். கடைசிப் 10 நாட்கள் 'சில்லை பச்சா', குட்டிக்குளிர். முதல் 40 நாளில் விழும் பனிதான் உறைந்து நின்று, கோடை வரை கரைந்து, ஓடைகளையும் ஜீலம் நதியையும் நிரப்பும். பின்னால் விழும் பனி சீக்கிரம் உருகிவிடும். 2024-இல் காலியாகக் கிடந்தது இந்த முதல் 40 நாட்கள்தான். வலுவான மேற்கத்திய இடையூறுகள் வராததையும், பசிபிக் கடல் வெப்பமடையும் எல் நினோவையும் வானிலைத் துறை அப்போது காரணமாகக் காட்டியது.

ஒரு கிலோமீட்டர், ஆறரை டிகிரி

பனி அறிக்கையைப் படிப்பதில் முதல் பாடத்தை பெங்களூர்வாசிகள் ஏற்கெனவே அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். சென்னையும் பெங்களூரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. சென்னை வியர்க்கும்போது பெங்களூர் குளுகுளுவென்று இருப்பதற்கு முக்கியக் காரணம் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும்.

இந்தக் கணக்கை குல்மார்குக்குக் கொண்டுபோங்கள். ஹோட்டல்கள் இருக்கும் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரம். 1998-இல் திறக்கப்பட்ட கோண்டோலாவின் முதல் கட்டம் சுமார் 3,100 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை போகிறது. 2005-இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டரில் இறக்கிவிடுகிறது. அடிக்கும் உச்சிக்கும் 1,300 மீட்டர் வித்தியாசம். வெப்பத்தில் சுமார் எட்டு டிகிரி. கீழே தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டினால் மேலே மைனஸ் 6. ஒரே மேகம், ஒரே நேரம். கீழே குடை பிடித்து நிற்கிறீர்கள், மேலே பவுடர் போன்ற பனி குவிகிறது.

அதனால்தான் அனுபவசாலிகள் 'இன்று எவ்வளவு குளிர்' என்று கேட்பதில்லை. 'உறைநிலை உயரம் எவ்வளவு' என்று கேட்கிறார்கள். பூஜ்ய டிகிரி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதே அது. விழுகிற பனி உடனே கரைந்துவிடாது. அந்த உயரத்துக்குக் கீழேயும் இருநூறு முந்நூறு மீட்டர் வரை பனியாகவே வரும். உறைநிலை 2,500 மீட்டர் என்றால் ஹோட்டல் வாசலிலேயே பனி. 3,300 என்றால் கீழே மழை, கோங்டூரிக்கு மேலேதான் பனி. அறிக்கையில் இந்த ஓர் எண் இருந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும்

ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்புகளில் மழையும் பனியும் ஒரே வரியில் வரும். அதில் வரும் சொற்கள் சென்னை வானொலி நேயர்களுக்குப் பழகியவைதான். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்த வட்டாரத்திலுள்ள நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. 'ஒருசில இடங்களில்' என்றால் 26 முதல் 50 சதவீதம். 'அநேக இடங்களில்' 51 முதல் 75 சதவீதம். 'பெரும்பாலான இடங்களில்' அதற்கும் மேல். இவை எவ்வளவு கொட்டும் என்பதைச் சொல்லவில்லை. எத்தனை இடத்தில் என்பதைத்தான் சொல்கின்றன. இந்த வேறுபாட்டை பெங்களூர் நன்றாக அறியும். நகரத்தின் ஒரு மூலையில் சாலையில் படகு விடும் அளவுக்குக் கொட்டும் மழை இன்னொரு மூலையில் தூறலாகக்கூட இருக்காது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் மகாதேவபுரா, பொம்மனஹள்ளி மண்டலங்கள் அதிகம் தவித்தது நினைவிருக்கும்.

அளவுக்கு வருவோம். வானிலைத் துறை பெரும்பாலும் மில்லிமீட்டரில் பேசும். அது உருகிய நீரின் அளவு. பொதுவான கணக்கு: 1 மில்லிமீட்டர் நீர் சுமார் 1 சென்டிமீட்டர் பனி. 30 மில்லிமீட்டர் என்று படித்து 'இவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அது முழங்கால் அளவுக்கு அருகே வரும் பனி. கடும் குளிரில் பனி லேசாக, பஞ்சுபோல விழும். அதே நீர் இன்னும் உயரமாகக் குவியும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்தில் ஈரமாக, கனமாக விழும். குவியல் குறையும், சறுக்குவதும் கஷ்டம்.

பனி அறிக்கையில் இரண்டு எண்கள் அடிக்கடி குழப்பும். 'புதிய பனி' என்பது கடந்த 24 மணி நேரத்தில் விழுந்தது. 'பனி ஆழம்' என்பது சீசன் முழுக்க விழுந்து, அமுங்கி, உருகியது போக இன்று நிற்பது. ஆழம் 150 சென்டிமீட்டர் என்று பெருமையாகப் போட்டிருக்கலாம். கடைசியாகப் பனி விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தால் மேல்பரப்பு பகலில் உருகி இரவில் உறைந்து கண்ணாடிபோல இறுகியிருக்கும். முதன்முதலாகச் சறுக்கக் கற்பவருக்கு, 40 சென்டிமீட்டர் ஆழத்தின் மேல் 10 சென்டிமீட்டர் புதிய பனி இருப்பது அதைவிட எவ்வளவோ மேல். அளந்த இடம் எது என்பதும் முக்கியம். உச்சியில் எடுத்த அளவை விளம்பரத்தில் போட்டுவிட்டு, கீழே புல் தெரியும் மைதானத்தில் உங்களை நிறுத்தலாம்.

செல்போனில் தெரியும் பனிப்பூ

இன்றைக்கு எல்லாரும் பார்ப்பது செல்போன் திரையில் வரும் சின்னப் பனிப்பூப் படம். பதினான்கு நாளுக்கு நாள் வாரியாகக் காட்டும். அதை எவ்வளவு நம்பலாம்?

கம்ப்யூட்டர் வானிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்திய வானிலைத் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய 'பாரத் முன்னறிவிப்பு முறை'யில் ஒரு கட்டத்தின் அகலம் 6 கிலோமீட்டர். உலகளாவிய மாதிரிகளில் இது மிக நுணுக்கமானது. ஆனால் குல்மார்க் கோண்டோலாவின் இரண்டு கட்டங்களையும் சேர்த்தாலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். அடிவாரமும் உச்சியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். அந்தக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர் ஒரே சராசரி உயரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். செல்போன் காட்டும் வெப்பநிலை ஹோட்டலுக்கும் பொருந்தாமல் உச்சிக்கும் பொருந்தாமல் நடுவில் எங்கோ நிற்பது இதனால்தான். எந்த உயரத்துக்கான கணிப்பு என்று சொல்லாத எந்தப் பனி அறிக்கையும் அரைகுறை அறிக்கையே.

காலக்கெடு இன்னொன்று. மேற்கத்திய இடையூறு ஈரானைத் தாண்டும்போதே செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துவிடும். ஆகவே மூன்று நாள் முன்பு சொல்வது பெரும்பாலும் நம்பகமானது. ஐந்து நாளில் 'ஏதோ ஒன்று வருகிறது' என்பது உறுதியாகும். எவ்வளவு என்பது மாறும். பத்தாவது நாளில் தெரியும் பனிப்பூவை ஜாதக பலன்போல எடுத்துக்கொள்வதே நல்லது. ஒரே கணிப்பு நாளுக்கு நாள் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். திங்களன்று 40 சென்டிமீட்டர், செவ்வாயன்று 5, புதனன்று 25 என்று ஊசலாடினால் மாதிரிகளுக்கே தெளிவில்லை என்று அர்த்தம்.

காற்று சொல்லும் சேதி

பனி எவ்வளவு என்று கேட்பவர்கள் காற்று எவ்வளவு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். உச்சியில் காற்று பலமாக இருந்தால் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் கையில் இருக்கும், வானம் நீலமாக இருக்கும், ஆனால் பெட்டி நகராது. பயணிகளுக்கு எரிச்சலாக இருக்கலாம். 2017 ஜூன் 25-ஆம் தேதி பலத்த காற்றில் வேரோடு சாய்ந்த ஒரு மரம் கம்பிவடத்தின் மீது விழுந்து பெட்டியில் இருந்தவர்களில் ஏழு பேர் இறந்ததை நினைத்தால் எரிச்சல் அடங்கும்.

காற்று செய்யும் இன்னொரு காரியம் கண்ணுக்குத் தெரியாதது. முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பலகைபோல இறுக்கிக் குவித்துவிடும். வானிலிருந்து 20 சென்டிமீட்டர்தான் விழுந்திருக்கும். காற்று மறைவில் ஒரு மீட்டர் நிற்கும். பார்க்க வழவழப்பான, அழைக்கிற சரிவு. பனிச்சரிவு அங்கேதான் பிறக்கிறது.

வறட்சிக்குப் பின் வரும் ஆபத்து

2024 ஜனவரியில் பனி இல்லை என்று கவலைப்பட்ட அதே குல்மார்கில், பிப்ரவரி 22-ஆம் தேதி, கேலோ இந்தியா போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே, கிலன்மார்க் பகுதியில் பனிச்சரிவு ஏற்பட்டது. ரஷ்யாவைச் சேர்ந்த சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். கூட இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் பலியானார்கள். 19 வெளிநாட்டவர் மீட்கப்பட்டார்கள். 2010 பிப்ரவரி 8-இல் கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தின் உயரமலைப் போர்ப்பள்ளி வீரர்கள் 17 பேர் பனிக்கடியில் மாண்டார்கள். மலையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே இந்தக் கதி.

பனி குறைவான ஆண்டு பத்திரமான ஆண்டு என்று நினைப்பது பெரிய தவறு. மெல்லிய பனிப்படலம் பல நாள் கடும் குளிரில் அப்படியே கிடந்தால், தரையின் வெப்பத்துக்கும் மேல் காற்றின் குளிருக்கும் நடுவில் அதன் துகள்கள் ஒட்டாத சர்க்கரைபோல உதிரியாகிவிடும். அதன் மேல் திடீரென்று அரை மீட்டர் புதிய பனி விழுந்தால், சர்க்கரைக் குவியலின் மீது கடப்பைக் கல் வைத்ததுபோல. ஒரு மனிதனின் எடை போதும், மேல் அடுக்கு முழுவதும் பெயர்ந்து இறங்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில் இது அதிகம். சறுக்குவதற்கு ருசியான சாய்வும் அதுவேதான்.

இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 1969-இல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020-இல் வேறொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துடன் இணைக்கப்பட்டு, இப்போது சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. அது தரும் கணிப்பை வைத்து ஜம்மு-காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்: எந்த மாவட்டம், எத்தனை மீட்டருக்கு மேல், ஆபத்தின் அளவு என்ன. 'பாரமுல்லா மாவட்டம்' என்று வந்தால் அது குல்மார்கையும் சேர்த்துத்தான்.

இதில் 'நடுத்தர ஆபத்து' என்ற சொல்தான் மோசமாக ஏமாற்றும். பரீட்சையில் நடுத்தரம் என்றால் பாஸ். இங்கே அப்படியல்ல. ஐரோப்பாவில் 1993 முதல் புழக்கத்தில் உள்ள ஐந்து படி அளவுகோலில் உயிர்ச்சேதம் அதிகம் நிகழ்வது நான்காவது ஐந்தாவது படியில் அல்ல, நடுவில் இருக்கும் மூன்றாவது படியில். ஐந்தாவது படியில் யாரும் வெளியே போவதில்லை. மூன்றாவதில் 'பரவாயில்லை' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

புதைந்தவரை வெளியே எடுக்க எவ்வளவு அவகாசம்? சுவிட்சர்லாந்து விபத்துகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான கணக்கு, முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்கிறது. அதற்குப் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால்தான் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட எல்லையைத் தாண்டுகிறவர்கள் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் இல்லாமல் போவதில்லை. இவை இல்லாதவர்களுக்கு, அதாவது நம்மில் கிட்டத்தட்ட எல்லாருக்கும், விதி எளிது: கோண்டோலாவுக்குக் கீழே ரோந்துப் படையினர் திறந்துவைத்த பாதைக்குள்ளேயே இருங்கள். கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள், அப்பால் யாரோ சறுக்கிய தடம் தெரிந்தாலும்.

கிளம்புமுன்

பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்புகிறவர் செய்யக்கூடியது சில உண்டு. தேதியை ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி நடுவரை வைத்துக்கொண்டால் அதற்குள் விழுந்த பனி சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டிசம்பர் விடுமுறை எப்போதுமே சூதாட்டம். ஐந்து நாள் முன்பிருந்து ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். உறைநிலை உயரம், நீரின் மில்லிமீட்டர், உச்சியில் காற்று, பனிச்சரிவு எச்சரிக்கை என்ற நான்கையும் சேர்த்துப் படியுங்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை என்றால் பனி உண்டு, ஆனால் நீங்கள் போய்ச் சேர முடியாமல் போகலாம். டங்மார்கிலிருந்து குல்மார்க் ஏறும் 13 கிலோமீட்டர் சாலையில் அன்று சங்கிலி கட்டிய வண்டியும் நான்கு சக்கர இயக்க வண்டியும் மட்டுமே அனுமதிக்கப்படும், விமானங்கள் ரத்தாகும். திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். கொட்டி முடித்து வானம் வெளுத்த முதல் நாள் காலைதான் மிக அழகானது. பனிச்சரிவு ஆபத்து உச்சத்தில் இருப்பதும் அன்றுதான்.

பனி பொய்ப்பது பயணிகளின் பிரச்சினை மட்டுமல்ல. காத்மாண்டுவில் உள்ள சர்வதேச ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டு மையத்தின் கணக்குப்படி, 2024 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் தரையில் பனி நின்ற அளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு. 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவானது. பொம்மனஹள்ளியின் குழாயில் வருவது காவிரித் தண்ணீர், மழையை நம்பியது. வடக்கே கோடிக்கணக்கானவர்களுக்கு வசந்தகாலத் தண்ணீர் என்பது குளிர்காலத்தில் மலை சேமித்துவைத்த வைப்புநிதி. நமக்குப் பனி இல்லையென்றால் போட்டோ இல்லை. அவர்களுக்கு நாற்றங்காலுக்கு நீர் இல்லை.

காஷ்மீரிகள் பனியை 'ஷீன்' என்கிறார்கள். ஜனவரியில் ஷீன் விழாமல் போனால் அவர்கள் கூடிப் பிரார்த்தனை செய்கிறார்கள், ஆடி பொய்த்தால் நம் கிராமங்களில் மழைக்கு வேண்டுவதுபோல. வானிலை அறிக்கையில் வரும் '10 மில்லிமீட்டர்' அங்கே ஒரு குதிரைக்காரரின் அந்த வாரத்துச் சம்பாத்தியம், ஓர் ஆப்பிள் தோட்டத்தின் கோடைக்காலத் தண்ணீர்.